8 பேர் உயிரைப் பறித்த சலைன் பாட்டில்: பல் கிளினிக்கில் இதையெல்லாம் கவனிக்க வேண்டியது யார்? டென்டல் ஹைஜீனிஸ்ட்டின் நெறிமுறை என்ன?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூளையை மூடிவிட்டால் உள்ளே சரக்கு வெந்ததா இல்லையா என்று வெளியே நின்று சொல்ல முடியாது. அதனால்தான் பீங்கான் தொழிலில் ஒரு பழைய உத்தி உண்டு. சரக்கோடு சேர்த்து ஒரு சின்னக் கூம்பையும் உள்ளே வைப்பார்கள். தேவையான அளவு சூடு ஏறினால் அந்தக் கூம்பு இளகித் தலை சாயும். சாயவில்லை என்றால் சரக்கு சரியாக வேகவில்லை என்று அர்த்தம்.

அதே ஊரில் பல் கிளினிக் நடத்துபவர்களிடமும் ஒரு சூளை இருக்கிறது. அதன் பெயர் ஆட்டோகிளேவ். நீராவி அழுத்தத்தில் கருவிகளைச் சுடவைத்துக் கிருமி நீக்கும் பெட்டி. அதற்குள்ளும் கூம்பு மாதிரி ஒன்று வைக்கிறார்கள்: சூடு பட்டால் நிறம் மாறும் காகிதப் பட்டை.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பீங்கான் ஜாடி வாங்குபவர் அதை விரலால் சுண்டிப் பார்க்கலாம். சத்தம் சரியில்லை என்றால் வேண்டாம் என்று வைத்துவிடலாம். பல் கிளினிக் நாற்காலியில் வாயைத் திறந்து சாய்ந்திருப்பவரால் எதையும் சுண்டிப் பார்க்க முடியாது. கருவி சுத்தமா, தண்ணீர் சுத்தமா என்பதை அவர் நம்பத்தான் வேண்டும்.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது.

வாணியம்பாடியில் நடந்தது என்ன?

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடி. 2022-23ஆம் ஆண்டில் வட தமிழ்நாட்டு மாவட்டங்களில் மூளையைத் தாக்கும் ஒரு அபூர்வமான தொற்று 21 பேருக்குக் கண்டறியப்பட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்தார்கள். அந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் கிளினிக்கோடு தொடர்புடையவர்கள் என்று தெரிந்தது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள்.

பல் வலிக்கும் ஈறு வீக்கத்துக்கும் போனால் உயிரே போகும் என்று யாராவது எதிர்பார்ப்பார்களா?

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். 'பர்க்ஹோல்டேரியா சூடோமல்லி' என்ற பாக்டீரியாவால் வருவது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி இது. ரங்கூனில் 1911இல் ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமியும்தான் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். பொதுவாக சர்க்கரை நோயாளிகள், வயல் வேலை செய்பவர்களிடம் அதிகம் காணப்படும். மூளைக்குப் போவது அரிது.

வாணியம்பாடி கிளினிக்கில் ஆய்வாளர்கள் எடுத்த மாதிரிகளில், பயன்பாட்டில் இருந்த ஒரு சலைன் பாட்டிலில் இந்தக் கிருமி இருந்தது. சலைன் என்பது வேறொன்றுமில்லை, கிருமி நீக்கப்பட்ட உப்புநீர். பல் சிகிச்சையின்போது வாயைக் கழுவப் பயன்படுத்துவார்கள். அந்த பாட்டிலை 'பெரியாஸ்டியல் எலிவேட்டர்' என்ற கருவியால் திறந்திருக்கிறார்கள். ஈறை எலும்பிலிருந்து விலக்குவதற்கான அறுவை சிகிச்சைக் கருவி அது. திறந்த பாட்டிலைப் பஞ்சால் அடைத்து வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதே நீரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வாயிலிருந்து நரம்பு வழியாகக் கிருமி மூளைக்குப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

'தி லான்செட் ரீஜனல் ஹெல்த் - சவுத்ஈஸ்ட் ஏசியா' இதழில் இந்த ஆய்வு வெளியானது. அதைப் பற்றிய செய்திகள் 2025 மே மாதம் வந்த பிறகுதான், 2023இல் முடிந்துபோன இந்த மரணங்கள் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தன.

இது மருந்து இல்லாத நோயால் வந்ததல்ல. நவீன இயந்திரம் இல்லாததாலும் வரவில்லை. திறந்த பாட்டிலைக் கொட்டிவிட்டுப் புதிய பாட்டிலை எடுத்திருந்தால் போதும். ஒரு சலைன் பாட்டிலின் விலை எவ்வளவு என்று பக்கத்து மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

விதி இல்லாமலா போய்விட்டது?

இருக்கிறது. தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. பல் மருத்துவர்கள் சட்டம் 1948இலிருந்து உண்டு. இந்திய பல் மருத்துவ கவுன்சிலின் நெறிமுறை விதிகள் 2014இல் திருத்தப்பட்டு வெளியாகின. மருத்துவக் கழிவுகளுக்கு 2016ஆம் ஆண்டு விதிகள். தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவு செய்ய 1997ஆம் ஆண்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டு விதிகளும். பழைய 1948 சட்டத்துக்கு மாற்றாக தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தையும் 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வாணியம்பாடி மரணங்கள் நடந்து முடிந்த அதே ஆண்டு.

ஆனால் இந்தச் சட்டப் புத்தகம் எதுவும் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளினிக்கில் உட்கார்ந்திருக்காது. அந்த நேரத்தில் பாட்டிலைக் கையில் எடுப்பவர் ஒரு மனிதர். பெரும்பாலும் அவர் டாக்டர் கூட இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்.

டென்டல் ஹைஜீனிஸ்ட் என்றால் யார்?

நம் ஊரில் இந்தப் பெயரே பலருக்குத் தெரியாது. பல் கிளினிக்கில் டாக்டர் அல்லாத எல்லோரையும் 'சிஸ்டர்' என்றோ 'அசிஸ்டென்ட்' என்றோதான் கூப்பிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. டாக்டராக இல்லாமல், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பவர், பல்லைச் சுத்தம் செய்து மெருகேற்றுபவர், வாய் சுகாதாரம் பற்றி நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பவர் - இவரைத்தான் 1948 சட்டம் 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்கிறது. இரண்டு வருட டிப்ளமோ படித்து, மாநில பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்து, பல் மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டியவர்.

இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல் மருத்துவர் ஆல்பிரட் ஃபோன்ஸ். தன் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமனுக்கு 1906இல் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913இல் அதற்கென வகுப்பே ஆரம்பித்தார். பல் கெட்ட பிறகு பிடுங்குவதைவிடக் கெடாமல் பார்ப்பது முக்கியம் என்ற நினைப்பில் பிறந்த வேலை இது.

இங்கே நிலைமை வேறு. பல சிறிய கிளினிக்குகளில் படித்த ஹைஜீனிஸ்ட் இல்லை. அந்த ஊரிலேயே பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள் வேலைக்கு வருகிறார்கள். கருவி கழுவுவது, டோக்கன் கொடுப்பது, டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்களே. வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். சரியான இடத்தில் சேர்ந்தால் சரியாகக் கற்கிறார்கள். தப்பான இடத்தில் சேர்ந்தால் தப்பையே சரி என்று கற்றுக்கொள்கிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அவர்களை வைத்து எதைச் செய்யக் கூடாது என்பதும் விதிகளில் இருக்கிறது. பதிவு இல்லாத ஒருவரைப் பல் சிகிச்சை செய்ய வைப்பது டாக்டரின் நெறிமுறை மீறல். அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில் 2013இல் ஒரு பல் கிளினிக்கில் இந்த எல்லை எப்படி அழிந்துபோனது என்று தெரியவந்தது. டாக்டர் மட்டுமே செய்ய வேண்டிய வேலைகளை உதவியாளர்கள் செய்திருந்தார்கள், கருவிகள் துருப்பிடித்திருந்தன. சுமார் 7,000 நோயாளிகளுக்கு 'ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று அரசே சொல்ல வேண்டி வந்தது. அங்கே ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு ஹெபடைடிஸ் சி பரவியது உறுதியானது. பணக்கார நாட்டிலும் இப்படித்தான்.

மனசாட்சி எப்படி வளர்கிறது?

சரி, எது சரி எது தப்பு என்று ஒருவர் முடிவெடுப்பது எப்படி? இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து இது தொடங்குகிறது. மனிதர்களின் அறச் சிந்தனை மூன்று நிலைகளில் வளர்கிறது என்றார் அவர்.

வாணியம்பாடியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கற்பனையாக ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். வெளியே பத்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜையில் பாதி சலைன் உள்ள பாட்டில். காலையில் திறந்தது. உதவியாளர் அதைக் கையில் எடுக்கிறார்.

முதல் நிலையில் இருப்பவர் யோசிப்பது இப்படி: 'டாக்டர் பார்த்தா திட்டுவாரா?' திட்டுவார் என்றால் புதிய பாட்டில். டாக்டர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தால் பழைய பாட்டில். இதற்கு நேர் எதிரும் உண்டு. 'புதுசு திறந்தா செலவு அதிகமாகுதுன்னு திட்டுவாரே' என்ற பயத்திலேயே பழையதை ஊற்றுவார். இரண்டிலும் நோயாளி கணக்கிலேயே இல்லை. திட்டு வருமா வராதா என்பதுதான் கணக்கு.

இரண்டாவது நிலை கொஞ்சம் மேலே. 'இங்க எல்லாரும் எப்படிச் செய்றாங்க? ரூல் என்ன சொல்லுது?' நல்ல பழக்கம் உள்ள கிளினிக்கில் இவர் மிக நல்ல ஊழியர். ஒரு தடவை கூடத் தவற மாட்டார். ஆனால் எல்லோரும் பஞ்சு அடைத்த பாட்டிலையே பயன்படுத்தும் கிளினிக்கில்? அவரும் அதையே செய்வார், அதுவும் உறுத்தல் இல்லாமல். கோல்பர்க்கின் கணக்குப்படி பெரியவர்களில் பெரும்பாலானோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். வாணியம்பாடி மாதிரி விஷயங்களில் பயப்பட வேண்டியது கெட்ட மனிதர்களைவிட இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான்.

மூன்றாவது நிலையில் கேள்வியே மாறிவிடுகிறது. 'இந்த நாற்காலியில் படுத்திருப்பவருக்கு, இந்த பாட்டில் காலையிலிருந்து எத்தனை பேருக்குப் போனது என்று தெரிந்தால் ஒத்துக்கொள்வாரா?' ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால், டாக்டர் என்ன சொன்னாலும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்தாலும், அது தப்பு. படுத்திருப்பவர் ஊர் பெரிய மனிதராக இருந்தாலும் சித்தாள் வேலை பார்ப்பவராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

கோல்பர்க்கைப் பற்றி விமர்சனமும் உண்டு. அவருடன் வேலை பார்த்த கரோல் கில்லிகன் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். நியாயத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் அக்கறை, உறவு, பராமரிப்பு என்ற இன்னொரு அறக்குரல் கேட்காமல் போய்விடும் என்பது அவர் வாதம். நடுங்கிக்கொண்டு வரும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே பல்லைச் சுத்தம் செய்பவருக்கு கில்லிகன் சொல்வது உடனே புரியும்.

தெரிந்தும் ஏன் சொல்வதில்லை?

இந்த விஷயத்தில் நேரடியாக உதவுவது கோல்பர்க்கை விட அவர் வழியில் வந்த ஜேம்ஸ் ரெஸ்ட் சொன்னதுதான். சரியானதைச் செய்ய நான்கு விஷயங்கள் சேர்ந்து வர வேண்டும் என்றார் அவர். பிரச்சினை இருப்பதே கண்ணில் பட வேண்டும். எது சரி என்று தெரிய வேண்டும். மற்ற ஆசைகளை விட அது முக்கியம் என்று தோன்ற வேண்டும். கடைசியாக, செய்து முடிக்கும் தைரியம் வேண்டும். இதில் எது விட்டுப்போனாலும் காரியம் நடக்காது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மியூரியல் பெபோ என்ற பேராசிரியர் இதைப் பல் மருத்துவ மாணவர்களிடம் சோதித்தார். கேள்வித்தாள் கொடுக்காமல், கிளினிக்கில் நடப்பது போன்ற உரையாடல்களை ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினார். இதில் என்ன சிக்கல் இருக்கிறது என்று மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். சிக்கலைக் கண்ணில் காண்பது ஒரு திறமை, காட்டிய பிறகு சரியான தீர்ப்புச் சொல்வது இன்னொரு திறமை, ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று சொல்ல முடியாது என்பது இந்த ஆய்வுகளில் தெரியவந்தது. பரீட்சையில் நெறிமுறைக் கேள்விக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவர் கண் முன்னால் இருக்கும் பஞ்சு அடைத்த பாட்டிலைப் பார்க்காமலே போகலாம்.

நம் ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் உடைவது நான்காவது இடத்தில். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், 'சார், அந்த பாட்டில் வேண்டாம்' என்று நோயாளி முன்னால் டாக்டரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா? இருபது வயதுப் பெண்ணிடம் தைரியத்தை எதிர்பார்த்துவிட்டு, அந்தத் தைரியத்துக்கு என்ன விலை என்று கேட்காமல் விடுவது அநியாயம்.

தீர்வு இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001இல் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர் ஒரு சின்னக் காகிதத்தில் ஐந்து வேலைகளை எழுதினார். கை கழுவுவது, நோயாளியின் தோலைச் சுத்தம் செய்வது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த வேலைகள். ஒரு மாதம் நர்ஸ்களைக் கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளுக்கு டாக்டர்கள் ஏதாவது ஒரு வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. பிறகுதான் முக்கியமான மாற்றம் வந்தது. டாக்டர் ஒரு வேலையை விட்டால் அவரை நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது, நிர்வாகம் நர்ஸின் பக்கம் நிற்கும் என்ற உறுதியோடு. ரத்தக்குழாயில் செருகும் குழாய்களால் வந்துகொண்டிருந்த தொற்று கிட்டத்தட்ட இல்லாமலே போனது. காகிதத்தில் இருந்த ஐந்து வேலைகளும் டாக்டர்களுக்கு முன்பே தெரிந்தவைதான்.

'நான் கேள்வி கேட்டால் என்னை யாரும் திட்ட மாட்டார்கள்' என்று உதவியாளருக்குத் தெரியும்படி கிளினிக் நடத்துவது டாக்டரின் வேலை. இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் சின்ன கிளினிக்கில் இது பெரிய மருத்துவமனையை விடச் சுலபம். காசும் செலவாகாது.

ஆட்டோகிளேவ் நோட்டு என்ன சொல்கிறது?

ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் என்றால் குறைந்தது 15 நிமிடம், 134 டிகிரி என்றால் சில நிமிடங்கள் போதும். உறையில் போட்ட கருவிகளுக்கு இன்னும் நேரம் தேவை. வெந்நீரில் கொதிக்க வைப்பதும், ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும் இதற்கு ஈடாகாது. சில கிருமிகளின் விதைகள் கொதிநீரையும் தாங்கிக்கொள்ளும்.

உறைக்கு வெளியே ஒட்டும் பட்டை, 'இந்த உறை சூட்டுக்குள் போய் வந்தது' என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே வைக்கும் பட்டைதான் உள்ளே இருந்த கருவி வரை சூடு போனதா என்று சொல்லும். அதற்கும் மேலே ஒரு பரிசோதனை உண்டு. சூட்டை எளிதில் தாங்கும் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பார்கள். வாரம் ஒரு முறையாவது இதைச் செய்வது நல்ல நடைமுறை.

இவ்வளவும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போட்டது, பட்டை நிறம் மாறியதா, யார் பார்த்தது. இந்த நோட்டுதான் ஒரு கிளினிக்கின் உண்மையான முகம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, முப்பது நாளுக்கும் ஒரே நேரம் என்று இருந்தால், ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்து ஒரே இரவில் உட்கார்ந்து நிரப்பியது அது. இப்படி நிரப்பச் சொல்லும்போதுதான் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் பாடம் கிடைக்கிறது. பொய் எழுதுவது இங்கே வேலையின் ஒரு பகுதி என்ற பாடம்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

நெறிமுறை என்றால் கிருமி மட்டும் இல்லை. உண்மை பேசுவதும் அதில் சேர்த்தி.

'கிளீன் பண்ணா பல்லு ஆடும்' என்று தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் நம்புகிறார்கள். பல வருடமாகச் சேர்ந்த காரை, ஈறு இறங்கிய பல்லைச் சிமெண்ட் மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் அப்போதுதான் ஆடுவது போலத் தெரியும். சுத்தம் செய்ததால் ஆடவில்லை, சுத்தம் செய்யாமல் விட்டதால் ஆடுகிறது. இதை முன்னாலேயே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் செய்தால் அது சம்மதம். செய்துவிட்டுச் சொன்னால் அது சமாளிப்பு.

சொல்லக் கஷ்டமான உண்மைகளும் உண்டு. பான், குட்கா, ஹான்ஸ் போடுபவர்களின் கன்னத்துக்கு உள்ளே வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ முதலில் கண்ணில் படுவது பல்லைச் சுத்தம் செய்பவருக்குத்தான். குட்கா தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, ஆனால் வாய்க்குள் பார்ப்பவர்களுக்குத்தான் நிலவரம் தெரியும். 'நம்ம வேலை கிளீனிங், இது நம்ம வேலை இல்ல' என்று கண்ணை மூடிக்கொள்ளலாம். டாக்டரிடம் உடனே காட்டலாம். புற்றுநோயாக இருந்தால், சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் பிழைப்பதற்கான வாய்ப்பே இருக்கிறது.

இன்னொன்று ரகசியம். விருத்தாசலம் அளவுள்ள ஊரில் இதுதான் பெரிய சோதனை. கிளினிக் உதவியாளரும் நோயாளியும் ஒரே தெருவாக இருப்பார்கள், ஒரே கடையில் பால் வாங்குவார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பது கிளினிக் அட்டையிலிருந்து தெருவுக்குப் போக ஒரு வாக்கியம் போதும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் தடை செய்கிறது. 'எச்.ஐ.வி. இருக்கிறவருக்குத் தனியா வச்சுக்கலாம்' என்று யோசிக்கும் கிளினிக், மற்ற நோயாளிகளுக்குக் கருவியைச் சரியாகச் சுத்தம் செய்வதில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறது. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் எச்சிலையும் ஒரே மாதிரி தொற்றுள்ளதாகக் கருதித்தான் வேலை செய்ய வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை.

நோயாளி என்ன பார்க்கலாம்? எங்கே புகார் செய்யலாம்?

சூளைக்குள் எட்டிப் பார்க்க முடியாதுதான், ஆனால் கூம்பைக் காட்டச் சொல்லலாம்.

கருவி உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பட்டை நிறம் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். சலைன் பாட்டில் எப்போது திறந்தது என்று கேளுங்கள். பல் பிடுங்குவது, ஈறில் அறுவை செய்வது என்றால் இந்தக் கேள்வி கட்டாயம். கையுறையோடு மேஜை டிராயரைத் திறந்து, போனை எடுத்துப் பேசி, அதே கையோடு உங்கள் வாய்க்கு வந்தால் மாற்றச் சொல்லுங்கள். பல்லைச் சுத்தம் செய்வது டாக்டரா, பதிவு பெற்ற ஹைஜீனிஸ்ட்டா, இரண்டும் இல்லையா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தப்பு நடந்தது என்று தோன்றினால், மாவட்டத்தில் மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் கிளினிக் மீது புகார் கொடுக்கலாம். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில். 104 சுகாதார உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரசீது, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போட வேண்டாம். தனியார் கிளினிக் வேண்டாம் என்றால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980 முதல் இயங்கும் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இப்போது அது அரசின் கீழ்.

'கேட்டா டாக்டர் தப்பா நினைப்பாரே' என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒழுங்காக வேலை செய்யும் டாக்டருக்குப் பட்டையைக் காட்ட அரை நிமிடம் ஆகாது. அந்தப் பக்கம் நிற்கும் உதவியாளருக்கும் நீங்கள் கேட்பது உதவிதான். அவரால் கேட்க முடியாததை நீங்கள் கேட்கிறீர்கள். கேட்பதை மட்டும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாயில் பஞ்சு வைத்த பிறகு எதையும் கேட்க முடியாது.